உத்தியோகமும் உபதொழிலும்

 

சென்ற மாதம் ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தேன். முன்னர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். இப்போது அரச கந்தோர் ஒன்றில் இலிகிதராகக் கடமை புரிகிறார். இரண்டு பிள்ளைகளின் தந்தை.

"மௌலவி, சம்பளம் கிடைச்சு பதினைஞ்சு நாளில முடிஞ்சு போகுது. பின்னேரத்திலயும் சனி ஞாயிறிலயும் படுவான்கரைப் பக்கம் போய் நெல் வாங்கி விக்கலாம் எண்டு யோசிக்கிறன். அரசாங்க உத்தியோகத்தில இருந்துகொண்டு யாவாரம் செய்தால் அது ஹலாலா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. கடந்த சில வருடங்களாக ஆசிரியர்கள், தாதிமார், கடைச் சிப்பந்திகள் எனப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். 2022 ஏப்ரலில் நமது நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவுக்கு ஏறியது. சம்பளமோ இருந்த இடத்திலேயே இருந்தது. அவ்வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்கமே, அத்தியாவசிய சேவைகள் நீங்கலாக, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதங்களுக்கு விடுமுறை வழங்கி, வீட்டில் பயிர் செய்யுங்கள் எனக் கூறியது. சேவை மூப்புக்குப் பாதிப்பின்றி ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் சென்று வேறு தொழில் செய்யவும் அனுமதித்தது. ஆகவே, ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் என்ற கணக்கு சரிவரவில்லை என்பதை ஆள்வோரும் ஒப்புக்கொண்ட காலம் அது.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "யாவாரம் ஹலால்தான் தம்பி. ஆனால் உன் கந்தோர் நேரம் உன்னுடையதல்ல. அந்த இரண்டையும் கலக்காமல் உன்னால் செய்ய முடியுமா என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும்."

இதனை நான் கிதாபில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தவறு செய்து, வெட்கப்பட்டுப் படித்துக்கொண்ட பாடம் இது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள ஊர்களை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் நிலம் பரந்து கிடக்கும் பகுதியைப் படுவான்கரை என்றும் நாம் சொல்வோம். ஒன்று சூரியன் எழும் கரை, மற்றது சூரியன் படும் கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப் பற்றின் ஊர்கள் வரும். அவற்றுள் ஒன்று பழுகாமம். நவகிரிக் குளத்து நீர் பாயும் வயல்களும் அப்பகுதியில் உண்டு. மழையை மட்டும் நம்பிய வயல்களும் உண்டு. இந்த இரு கரைகளுக்குமிடையே வெள்ளாமையும் வியாபாரமும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. நிலமுடைய போடியார், அவருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் என்ற உறவு அன்று இருந்தது. இன்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தோ, அங்குள்ள விவசாயியோடு பங்குக்குச் சேர்ந்தோ வெள்ளாமை செய்வதே எமது பகுதியில் அதிகம் காணப்படும் உபதொழிலாகும்.

நானும் 2018 ஐப்பசியில் பழுகாமத்து விவசாயி ஒருவரோடு பங்குக்குச் சேர்ந்து பெரும்போகம் செய்தேன். விதை, பசளைச் செலவில் பெரும்பகுதி என்னுடையது. நிலமும் உழைப்பும் அவருடையவை. அவர் என்னிலும் வயதில் மூத்தவர், தமிழ்ச் சகோதரர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை மௌலவி என்பார்.

2019 பங்குனியில் அறுவடை. வெட்டு மெஷின் வெளியூரிலிருந்து வந்து வட்டை வட்டையாக வெட்டிக்கொண்டு போகும். நமது முறை தவறினால் மீண்டும் அது எப்போது வருமெனச் சொல்ல முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. மெஷின் பக்கத்து வயலில் நிற்கிறது என்றார். இடைவேளைக்குப் பின்னர் எனக்கு மூன்று பாடங்கள் இருந்தன. அதிபரிடம் "ஓர் அவசர அலுவல்" என்று மட்டும் சொன்னேன். விடுமுறை எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளிடம் பாடத்தைப் பார்த்து எழுதுமாறு கூறிவிட்டு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துவிட்டேன்.

வயல் வரம்பில் என்னைக் கண்ட அண்ணன் கேட்டார்: "இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா மௌலவி?"

"அலுவல் ஒண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன் அண்ணன்" என்றேன்.

அவர் சிறிது நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "எங்கட பேத்திக்கும் இண்டைக்குக் கணக்கு வாத்தியார் வரல்லயாம். அவருக்கும் எங்கயும் வயல் இருக்குமாக்கும்" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. மனதில் வந்ததைச் சொன்னார். ஆனால் அன்று நெல்லை ஏற்றி முடிக்கும்வரை அந்த வார்த்தை என்னை விடவில்லை. அமானத்தைப் பற்றி ஜும்ஆவில் பயான் செய்பவன் நான். அன்றைய மூன்று பாடங்களுக்கும் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. அந்த நேரத்தை விற்றுவிட்டு, விற்ற பொருளை மீண்டும் எடுத்துச் சொந்த வயலுக்குப் பயன்படுத்தினேன். கடைக்காரர் ஒருவர் விற்ற சீனியில் ஒரு பிடியை மீண்டும் அள்ளிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

மறுநாள் அதிபரிடம் உள்ளதைச் சொல்லி, அரைநாள் விடுமுறையாகப் பதியுமாறு கேட்டுக்கொண்டேன். அந்த மூன்று பாடங்களையும் அடுத்த வாரம் பாடசாலை விட்ட பின்னர் நடத்தி முடித்தேன். தவ்பா என்பது நாவால் மட்டும் முடிவதல்ல. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதனைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா?

சகோதரர்களே! உபதொழில் நமது முன்னோருக்குப் புதிதல்ல. உமர் (ரழி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வாழ்ந்த காலத்தில், தமது அன்ஸாரி அயலவரோடு முறைவைத்துக் கொண்டார்கள். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார், மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று கேட்டதை மாலையில் மற்றவருக்குச் சொல்வார். இல்முக்கும் நேரம் கிடைத்தது, வாழ்க்கை அலுவல்களுக்கும் நேரம் கிடைத்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வியாபாரியாக இருந்துகொண்டே பெரும் மாணவர் கூட்டத்துக்குக் கற்பித்தார்கள். அவர்களது பங்காளி ஒருமுறை குறையுள்ள துணியொன்றை, குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் ஸதகா செய்துவிட்டார்கள் என வரலாறு கூறுகிறது.

இவற்றுக்கு மறுபக்கமாக இன்னொரு சம்பவமும் உண்டு. ஹிஜ்ரி 11 இல் கலீபாவாகத் தெரிவான அபூபக்கர் (ரழி) அவர்கள், மறுநாள் காலை வழமைபோல் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் உமர் (ரழி), அபூஉபைதா (ரழி) இருவரும் சந்தித்து, முஸ்லிம்களின் பொறுப்பை ஏற்ற பின்னர் சந்தைக்கா எனக் கேட்டார்கள். என் குடும்பத்துக்கு எங்கிருந்து உணவளிப்பேன் என்று கலீபா கேட்டார்கள். அதன் பின்னரே பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு ஒரு படி நிர்ணயிக்கப்பட்டது. அவர்களும் வியாபாரத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் இரு சாராருக்கும் படிப்பினை இருக்கிறது. முழு நேரத்தையும் கேட்கும் பொறுப்பை ஏற்றவர் வியாபாரத்தை விட வேண்டும். அதேபோல் ஒருவரின் முழு நேரத்தையும் எடுப்பவர்கள், அவருடைய குடும்பம் பசியாதிருக்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். முஅத்தினுக்கும் ஹிப்ழு மத்ரஸா உஸ்தாதுக்கும் சொற்பத் தொகையைக் கொடுத்துவிட்டு, அவர் மாலையில் ஓட்டோ ஓட்டுவதைக் குறை கூறும் பள்ளிவாசல் நிர்வாகிகள் இதைச் சிந்திப்பார்களாக.

இனி, உபதொழில் தொடங்க நினைப்போர் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, உடன்படிக்கை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. நீங்கள் ஒப்பமிட்ட நியமனக் கடிதமும் ஓர் ஒப்பந்தம்தான். அரச ஊழியராயின் தாபன விதிக்கோவை உங்களைக் கட்டுப்படுத்தும். வேறு தொழில் செய்ய அனுமதி பெறவேண்டிய இடத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். தனியார் நிறுவனமாயின் முதலாளியிடம் மறைக்காதீர்கள். மறைத்துச் செய்யவேண்டிய நிலை வந்தால் அந்தத் தொழிலை மீண்டுமொரு முறை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பதவியைக் கடையாக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஸகாத் சேகரிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு எனப் பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். நாமும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் அரைகுறையாகக் கற்பித்துவிட்டு அதே பிள்ளைகளை மாலையில் காசுக்குப் படிப்பிப்பது, கந்தோருக்கு வரும் ஏழை விவசாயியிடம் அவருடைய நெல்லை விலை பேசுவது போன்றவை இந்த அளவுகோலில் தேறமாட்டா. அந்த இலிகிதர் தம்பியிடம் நான் வற்புறுத்திச் சொன்னதும் இதுதான். உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவரிடம் நெல் வாங்காதே என்றேன்.

மூன்றாவது, முதல். வட்டிக்கு எடுத்தும், மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்தும் தொடங்கும் தொழிலில் பரகத்தை எதிர்பார்க்க முடியாது. ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் தமது சொத்தில் பாதியையே தர முன்வந்தார். அவர்களோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டார்கள். உலர்ந்த பாற்கட்டியும் நெய்யும் விற்றுத்தான் தொடங்கினார்கள். உங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கக்கூடிய, நட்டப்பட்டாலும் அடுப்பு அணையாத அளவு தொகையோடு தொடங்குங்கள். ஐம்பது மூடை வாங்குவதற்கு முன்னர் ஐந்து மூடை வாங்கி, காயவைத்து, விற்றுப் பாருங்கள்.

நான்காவது, பங்கும் எழுத்தும். கைபர் நிலங்களை ஹிஜ்ரி 7 இல் நபி (ஸல்) அவர்கள் அங்கிருந்தவர்களிடமே விளைச்சலில் பாதி என்ற பங்குக்கு விட்டார்கள். தனியே வயலைப் பங்குக்கு விடுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், நமது மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆகும் என்ற கருத்தையே தெரிவு செய்தார்கள். ஆனால் வாய்க்காலோரம் விளைவது எனக்கு, மேட்டில் விளைவது உனக்கு என்று இடம் குறித்துப் பிரிப்பதை ஹதீஸ் தடுத்துள்ளது. ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் தப்பினால் ஒருவருக்கு அநியாயமாகிவிடும். ஆகவே மொத்த விளைச்சலில் இத்தனையில் ஒரு பங்கு எனப் பேசுங்கள். யானை இறங்கினாலும் வெள்ளம் வந்தாலும் இருவரும் சேர்ந்தே தாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம். உடன்பிறந்தவரோடு தொழில் செய்தாலும் எழுதுங்கள்.

ஐந்தாவது, நிறையும் விலையும். மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் உள்ளே மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நமது நெல் வியாபாரத்தில் இது இருபக்கமும் நடக்கும். நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 அளவில் இருக்க வேண்டுமென நெல் சந்தைப்படுத்தும் சபை வைத்திருக்கும் அளவு உண்டு. ஈரத்துக்குக் கழிப்பதாயின் அளந்து பார்த்துக் கழியுங்கள். கண்ணால் பார்த்து மூடைக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ எனக் கழிப்பது மற்றவரின் பொருளை எடுப்பதாகும். அறுவடை நாளில் எல்லோரும் ஒன்றாக விற்பதால் விலை விழும். காயவைக்கக் களம் இல்லாதவர், கடன்காரர் வாசலில் நிற்பவர், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். அவரது கண்ணீர் கலந்த நெல்லை நம் பிள்ளைகள் உண்ண வேண்டுமா?

விதைப்புக் காலத்தில் கடன் கொடுத்து, அறுவடையில் எனக்கே குறைந்த விலைக்குத் தர வேண்டுமென நிபந்தனை போடுவோரும் உண்டு. கடனுக்காகப் பெறும் இலாபம் வட்டியின் வாசலாகும். ஆனால் முழுக் கிரயத்தையும் முன்கூட்டியே கொடுத்து, இன்ன வகை நெல், இத்தனை கிலோ, இன்ன திகதி என்று நிர்ணயித்து வாங்குவது ஸலம் என்னும் வியாபாரம். அதனை மார்க்கம் அனுமதித்துள்ளது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே காசை நீட்டுங்கள்.

ஆறாவது, வீடு. ஸல்மான் (ரழி) அவர்கள், இரவெல்லாம் வணங்கிய தமது தோழர் அபுத்தர்தா (ரழி) அவர்களிடம், உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென்று நினைவூட்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதனைச் சரியெனக் கூறினார்கள். வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால் வியாபாரத்துக்கு எவ்வளவு! கந்தோரிலிருந்து வந்து, அப்படியே சந்தைக்குப் போய், பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பும் வாப்பா, பிள்ளைகளுக்காக உழைப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை இழக்கிறார். கிழமையில் எந்த நாட்கள் தொழிலுக்கு, எந்த நாள் வீட்டுக்கு என்று மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள். கணக்குக் கொப்பியை அவரிடமே கொடுங்கள். கதீஜா நாயகி (ரழி) அவர்கள் வியாபாரத்தை நடத்தியவர்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். மருதமுனையின் கைத்தறி போல வீட்டோடு செய்யக்கூடிய தொழிலாயின், வீட்டாரின் உழைப்புக்கும் ஒரு பங்கு எழுதுங்கள்.

ஏழாவது, ஸகாத். வியாபாரப் பொருள் நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் நூற்றுக்கு இரண்டரை. நெல் நிஸாபை அடைந்தால் அறுவடையிலேயே கடமையாகிவிடும். மழை நீரில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. இது உபதொழில்தானே என்று ஸகாத் உபரியாகிவிடாது.

இவ்வளவையும் பேணியும், ஒருநாள் உத்தியோகமும் தொழிலும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கலாம். கந்தோரில் இருக்கையில் தொலைபேசியில் விலை பேசுவது அதன் முதல் அடையாளம். அப்போது அபூபக்கர் (ரழி) அவர்களின் வழியே வழி, ஒன்றை விட்டுவிடுங்கள். தொழில் வளர்ந்திருந்தால் உத்தியோகத்தை விடுவதும் குறைவல்ல. இரண்டிலும் பாதி மனிதராக இருப்பதுதான் குறை.

அந்தப் பெரும்போகக் கதையின் மிகுதியைச் சொல்லி முடிக்கிறேன். எனது பங்கு நெல்லில் ஒரு பகுதியை, விலை ஏறட்டுமென அண்ணன் வீட்டிலேயே வைத்திருந்தேன். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி அந்தக் கொடிய குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பச்சிளம் பிள்ளைகள் உயிரிழந்தனர். அதன் பின்னர் நம் சமூகத்தவர் பாலத்தைக் கடக்க அஞ்சினர், அப்பக்கத்தவர் நம் கடைகளுக்கு வரத் தயங்கினர். 1990 இன் இரத்தக்களரிக்குப் பின்னர் இரு கரைகளும் பல வருடங்கள் இப்படித்தான் கிடந்தன. நானும் அந்த நெல்லைக் கைவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் இரவு அண்ணன் அழைத்தார். "மௌலவி, யோசிக்க வேணாம். உங்கட நெல்லு உங்கட நெல்லாத்தான் கிடக்கு. எண்ணிக்கை எழுதி வச்சிருக்கன்" என்றார்.

சில மாதங்களின் பின்னர் சென்றபோது மூடைகள் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. பேத்தியின் பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எண்ணிக்கை இருந்தது. ஒன்றும் குறையவில்லை. மூன்று பாட நேரத்தைக் காப்பாற்றத் தெரியாதிருந்த எனக்கு, கலிமாச் சொல்லாத ஒரு மனிதர் அமானத் என்றால் என்னவென்று காட்டிவிட்டார். அடுத்த போகத்திலிருந்து சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில் மட்டுமே நான் பாலத்தைக் கடக்கிறேன். மெஷின் கிழமை நாளில் வந்தால் அண்ணனே நின்று வெட்டுவிப்பார். அதற்கான கூலியையும் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

அன்பின் வாசகர்களே! ரிஸ்க்கைத் தேடுங்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொன்ன மார்க்கம் இது. அதே இடத்தில், பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரவும் சொல்லியிருக்கிறது. தேடவும் விடவும் தெரிந்தவரின் கையில்தான் பரகத் தங்கும்.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பையும் ஹலாலாக்கி, அதில் பரகத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.